பெயரைச் சொல்ல ஓர் ஆள்

1

ஜெபராணிக்குத் திருமணம் ஆகி இன்றோடு ஒரு வருஷம். அவள் என் அண்ணன் மகள். தென்காசியில் பிறந்து வளர்ந்து சுரண்டையில் வாழ்க்கைப்பட்டவள். வாழ்த்துக் கடிதத்தைப் போன வாரமே விமானத் தபாலில் போட்டுவிட்டேன். ஆகவே இன்று அதற்காகச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். மாலையில் நடந்த ஒரு சிறிய விஷயத்தால் அந்த ஒரு வரி இத்தனை பக்கமாகிவிட்டது. இதைப் படிக்க நேர்ந்தால், ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கலாம். மீதியைத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

சிரம்பானில் எங்கள் வீட்டிலும் தென்காசி வீட்டு வழக்கப்படிதான் குடும்ப ஜெபம். விளக்குப் போடுகிற நேரத்தில் ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், பிறகு ஒருவர் ஜெபம். ஜெபத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒப்புவிக்க வேண்டும். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்று மொத்தமாகச் சொல்லி எழுந்துவிடக் கூடாது. இது என் தகப்பனார் வைத்த விதி. அவர் வைத்த மற்ற விதிகளெல்லாம் கடல் தாண்டும்போதே ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. இது ஒன்று மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

இன்று மூத்தவன் டேனியலின் முறை. அவனுக்குப் பதினைந்து வயது. தமிழ் பேசுவான்; தமிழில் ஜெபிக்க மாட்டான். தமிழில் ஜெபித்தால் வேறு யாரோ பேசுவதுபோல இருக்கிறது என்கிறான். ஆங்கிலத்தில் விறுவிறுவென்று எல்லாப் பேரையும் சொன்னான். தங்கையின் பள்ளிக்கூடப் பரீட்சையைக்கூட விடவில்லை. அவன் பெரியப்பாவை, அதாவது என் அண்ணனை, மட்டும் விட்டுவிட்டு ஆமென் சொல்லி எழுந்தான்.

நான் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அவர் டெட் தானே, அப்பா? டெட் ஆனவங்களுக்கு நாம ப்ரே பண்றது இல்லைன்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்க" என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் சபையின் போதனை அதுதான். நானும் அப்படித்தான் படித்தேன். 'சரி, சாப்பிடப் போ' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இதே கேள்வி சென்ற ஆண்டு சாரல் காலத்தில் தென்காசியில் வேறு விதமாக எழுந்தது. அப்போது அது ஒரு பெண்ணின் வீட்டையே ஆட்டிப் பார்த்தது. அந்தப் பெண் அண்ணனின் மனைவி, என் மைனி.

2

முதலில் அண்ணனைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் மலாயாவுக்கு வந்தவர் அவர். சிரம்பானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. கிராணி என்றால் இங்கே தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. வந்து நிலைத்ததும் என்னையும் அழைத்து, சர்க்கார் அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். இன்றைக்கும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது. காலையில் கையெழுத்து, பத்து மணிக்குக் காபி, மாலையில் கோப்புகளைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுவது. இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்தால் மனிதன் ஓர் அலமாரிபோல ஆகிவிடுகிறான். நான் குறை சொல்லவில்லை.

அண்ணன் ஊருக்குப் போய் மைனியைக் கல்யாணம் செய்து, ஐந்து மாதம் கூட இருந்துவிட்டுத் திரும்பினார். மைனி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். அடுத்த கப்பலில் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அடுத்த கப்பல் வரவில்லை, ஜப்பான்காரன் வந்தான்.

சயாமில் ரயில்பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனபோது, ஆள் பேர் கூப்பிட்டுக் கணக்கு வைக்க ஒரு கிராணியும் வேண்டும் என்றார்கள். அண்ணன் போனார். சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களை நான் தேடித்தேடிப் பார்த்தேன். ஒருவர், அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியாது. இன்னொருவர், சண்டை முடிந்த பின் பாங்காக் ரயில் நிலையத்தில் அண்ணனின் முதுகைப் பார்த்ததாகச் சொன்னார். கூப்பிட்டாராம், கூட்டத்தில் காது கேட்கவில்லையாம். இந்த இரண்டையும் நான் மைனிக்கு எழுதினேன். ஒன்றை மறைத்து ஒன்றை எழுதும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மரணச் சான்றிதழுக்காக இங்கே அலைந்ததை விரிவாக எழுதி உங்களைச் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை. எந்த மேசைக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான். எந்தத் தேதி, எந்த இடம், பார்த்தவர் யார்? சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களில் அநேகருக்கு இந்த மூன்றும் கிடையாது. கடைசியாக இருந்த சீனக் குமாஸ்தா நல்ல மனிதர். ஏதாவது ஒரு தேதியைப் போட்டு எடுத்து வா, நான் முத்திரை குத்தி வாங்கித் தருகிறேன் என்று இரக்கத்தோடு சொன்னார். இல்லாத ஒரு தேதியை என் கையால் எழுத எனக்கு வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஆக, அண்ணன் இருக்கிறார் என்பதற்கும் சாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. மைனி தென்காசியில் மிஷன் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்து, ஜெபராணியை வளர்த்து, தாலியைக் கழற்றாமல், கலர்ச் சேலையை மாற்றாமல், எங்கள் தகப்பனார் வீட்டிலேயே இருந்தார்.

3

சென்ற ஆண்டு ஆனி மாதம் நானும் என் மனைவி எஸ்தரும் சின்னவளும் ஊர் வந்து சேர்ந்தோம். டேனியலுக்குப் பள்ளிக்கூடம், விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். ஜெபராணிக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தகப்பன் ஸ்தானத்தில் நின்று நடத்திக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

ரயிலை விட்டு இறங்கியதும் மேற்கே மலை முழுவதும் மேகம். காற்று வேட்டியைப் பிடுங்கியது. மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி வண்டி போகும்போது சாரல் முகத்தில் அடித்தது. ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரிந்தது, வாய்க்குத்தான் தெரியவில்லை. வண்டிக்காரரிடம், 'போதும் லா' என்று சொல்லிவிட்டேன். மலாயாவில் எதற்கும் கடைசியில் ஒரு 'லா' போடுவது பழக்கம். வாசலில் நின்ற ஜெபராணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, நம்ம ஊர்ல 'லே'தான். வயசுல மூத்தவரைப் பார்த்து அதையும் சொல்லிராதீய, அடி விழும்."

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் அவள்தான் ஜெபித்தாள். ஒவ்வொருவராகச் சொல்லி வந்து, ஓர் இடத்தில் குரலைச் சற்று நிமிர்த்தி, "எங்கப்பா ஞானசிகாமணியைப் பத்திரமா நடத்தி வீடு கொண்டுவந்து சேரும்" என்றாள். நான் கண் திறந்துவிட்டேன். தகப்பன் பேரைப் பிள்ளை அப்படிச் சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கம் இல்லை. அவள் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து மைனி அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வெறுமனே அப்பா என்றால் போதாது, பேரோடு சொல்ல வேண்டும்.

மைனி தம் வாயால் சொல்ல மாட்டார். புருஷன் பேரைச் சொல்லாத தலைமுறை அது. வேதம் மாறியும் இது மாறவில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு அவர் அண்ணன். இந்தக் குறிப்பில் எழுதிவிட்டேன், எழுத வருகிறது. வாயில் வருவதில்லை.

கோயிலிலும் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடல் கடந்து போயிருக்கும் சபையாருக்காக ஐயர் பேர் சொல்லி ஜெபம் செய்வார். ஐயர் என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சொல்வது சபையின் குருவானவரை. இலங்கையில் இருப்பவர்கள், பர்மாவில் இருப்பவர்கள், மலாயாவில் இருப்பவர்கள் என்று வரிசையாகச் சொன்னார். அண்ணன் பேர் வந்தது. அடுத்து என் பேரும் வந்தது. நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி சபை முழுவதும் ஆமென் சொன்னது. பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டி, "ஒமக்கு ஜெபம் கேட்டாச்சு வே, இனி கிளம்பும்" என்று காதில் சொன்னார்.

சிரிப்பு வந்தது. மைனி பக்கம் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு வேலையைச் செய்து முடித்தவரின் முகம்போல இருந்தது அது.

4

மாப்பிள்ளையின் தகப்பனார் சாலமோன் அண்ணாச்சி சுரண்டையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்துக் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்குவது அவர் வழக்கம். என்னையும் ஒரு நாள் வரச்சொல்லியிருந்தார்.

காலையில் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்ப்பவர் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துப் பாறையில் உட்கார வைத்து முதுகில் அறைந்துகொண்டிருந்தார். சிரம்பானில் குளியலறைக் குழாயில் பயந்து பயந்து தண்ணீர் பிடிக்கிறவனுக்கு அந்த அருவியின் சத்தமே போதுமானதாக இருந்தது. குளித்து வந்ததும் அண்ணாச்சி மங்குஸ்தான் பழம் வாங்கிக் கையில் வைத்து, உங்க மலாயாவில் இதெல்லாம் கிடைக்குமா என்று பெருமையாகக் கேட்டார். என் வீட்டுப் பின்புறமே ஒரு மரம் நிற்கிறது. கிடைக்கும், இவ்வளவு ருசி இருக்காது என்று சொன்னேன். சம்பந்தி வீட்டாரிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பழத்தோலை நசுக்கிக்கொண்டே அவர் விஷயத்துக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும். அதில் பெண்ணின் தகப்பனார் பேரை எப்படிப் போடுவது?

"நான் சுத்தி வளைக்கல. பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'னு போடணுமா, போட வேண்டாமா? போட்டா ஒரு கேள்வியும் இல்ல. போடாட்டா, பத்திரிகையைப் பாக்க அத்தனை பேரும் என்கிட்ட வந்து, சம்பந்தி எப்ப வாராவன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க?"

அவர் கெட்டவர் இல்லை. கேட்டது நியாயமான கேள்வி. ஓலை வாசிக்கும்போது ஐயரும் கோயிலில் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைவூட்டினார். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்கிறோம். அதில் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பது விளங்கும்படிதான் எழுதுவார்கள்.

மலாயாவிலிருந்து வந்தவன் நான். சொல்லத் தகுதி உள்ளவன் நான்தான் என்று அவர் நினைத்தார். எனக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகளையும் சொன்னேன். காய்ச்சல் கொட்டகையையும் சொன்னேன், ரயில் நிலையத்து முதுகையும் சொன்னேன். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"முதுகை வச்சு நான் பத்திரிகை அடிக்க முடியாதுல்லா தம்பி" என்றார். அது கேலியில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "மதினியம்மாகிட்ட நீங்கதான் பக்குவமாக் கேக்கணும். நான் கேட்டா நல்லா இருக்காது."

பஸ்ஸில் தென்காசி திரும்பும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் எத்தனையோ கடினமான கடிதங்களுக்கு வரைவு தயாரித்தவன். இதற்கு ஒரு முதல் வரிகூட அமையவில்லை.

5

மைனி பின்கட்டில் ஈரத்துணிகளை உள்கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும். எஸ்தர் அடுப்படியில் இருந்தாள். ஜெபராணி வீட்டில் இல்லை. நான் அண்ணாச்சி கேட்டதை அப்படியே சொன்னேன். என் சொந்த வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

அவர் அழுவார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டு, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். பிறகு திரும்பினார்.

"தம்பி, அவிய இல்லைங்கது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கீய?"

அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார்.

"சண்டை முடிஞ்சு ரெண்டு கிறிஸ்துமஸ் போனதுமே தெரிஞ்சு போச்சு. உசிரோட இருந்தா ஒரு கடுதாசி போடாம இருக்க மாட்டாவ. அவிய அப்பிடி ஆள் இல்ல. முதுகைப் பார்த்தேன்னு ஒருத்தன் சொன்னான்னு எழுதுனீய. முதுகு யாருக்கும் இருக்கும்."

அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் என்று கேட்டேன். தினமும் ஜெபத்தில் வீடு கொண்டுவந்து சேரும் என்று பிள்ளையைச் சொல்ல வைத்தது எதற்காக?

"நம்ம கோயில்ல செத்தவங்களுக்கு ஜெபம் உண்டா? கிடையாது. நானே ஞாயிறு பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்கு அதைச் சொல்லிக்குடுக்கேன். அவிய செத்துட்டாவன்னு நான் வாயைத் திறந்து ஒத்துக்கிட்டேன்னு வைங்க. அன்னைக்குச் சாயந்தரமே அவிய பேரு ஜெபத்துல இருந்து போயிரும். மாசத்துக்கு ஒருக்கா கோயில்ல சொல்லுதாவளே, அதுவும் போயிரும். அப்பொறம் அந்தப் பேரை யாரு சொல்லுவா? நான் சொல்ல முடியுமா? நீங்க அண்ணன்ங்கீய. தெருவுல மலாயாக்காரர்ங்கான். இந்தப் பிள்ளை ஒண்ணுதான் பேரைச் சொல்லுது. அது சுரண்டைக்குப் போயிருச்சுன்னா, இந்த வீட்டுல அவிய பேரைச் சொல்ல ஒரு ஆள் இருக்கா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மைனி காத்திருந்தது அண்ணன் வருவார் என்று அல்ல. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நம் ஜெபத்தில் தினமும் இடம் உண்டு. அதனால் அவரை உயிரோடு வைத்திருந்தார். ஊரே அவரைப் பேதை என்று நினைத்துப் பரிதாபப்பட்டது. நானும் சிரம்பானில் உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

6

மறுநாள் ஐயரைப் பார்க்கப் போனோம். மைனியும் வந்தார். ஐயர் வயதில் என்னைவிட இளையவர், அமைதியாகக் கேட்டார். சட்டம் பேசவில்லை. மரித்தவர்களுக்காக நாம் விண்ணப்பம் செய்வதில்லை, ஆனால் அவர்களுக்காக நன்றி கூறி ஸ்தோத்திரம் சொல்லலாம், தினமும் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை என்றார். நவம்பர் மாதம் கல்லறைத் தோட்டத்து ஆராதனையில் பேரையும் வாசிப்பதாகச் சொன்னார். கல்லறை இல்லாதவர்களுக்காக, தோட்டத்தின் நடுவில் இருக்கும் சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைக்கலாம் என்றும் சொன்னார்.

மைனி கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐயரே, நான் அவியகூட இருந்தது அஞ்சு மாசம். ஸ்தோத்திரம் சொல்லதுக்கு அதுல எவ்வளவு இருக்கும்? சீக்கிரம் முடிஞ்சிரும். கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் முடியாது" என்றார்.

ஐயர் எழுந்து வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினார். மறுபடி போதனை சொல்ல வராததற்காக அவரை நான் மதிக்கிறேன்.

திரும்பி வரும் வழியில், சித்தாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், மைனி தாமாகவே முடிவைச் சொன்னார். "பத்திரிகையில போட்டுருங்க. பிள்ளை போற வீட்டுல அது தலையைக் குனிஞ்சு பதில் சொல்ல வேண்டாம். தாலியைப் பத்தி மட்டும் ஒருத்தரும் எங்கிட்ட வரக்கூடாது. அதை நான் பாத்துக்கிடுதேன்." அதற்குப் பிறகு வீடு சேரும்வரை மழையைப் பற்றியும் மாவு அரைக்கக் கொடுத்ததைப் பற்றியும் பேசினார்.

பத்திரிகை வாசகத்தை அன்றே எழுதினேன். 'காலஞ்சென்ற' என்ற சொல்லை எழுதும்போது பேனா ஓடத்தான் செய்தது. நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். என் கை எதையும் எழுதப் பழகிய கை. அச்சகத்தில் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது ஒன்று தோன்றியது. சிரம்பான் அலுவலகத்தில் கேட்டார்களே, எந்தத் தேதி என்று. அண்ணனின் சாவுக்கு முதல் முதலாக ஒரு தேதி கிடைத்தது அன்றைக்குத்தான். எந்த விண்ணப்பப் பாரத்திலும் எழுத முடியாத தேதி.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறாகவும் அமைந்தது. கடல் கடந்தவர்களுக்கான ஜெபத்தில் அண்ணன் பேர் வரவில்லை. அந்த இடத்தில் ஐயர் ஒரு கணம் தடுமாறி, என் பேருக்குத் தாவினார். மைனி கண்ணை மூடவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நற்கருணையும் இருந்தது. பந்தியில் முழங்கால்படியிட்டிருக்கையில் எனக்கு ஒரு யோசனை. நினைப்பது மனத்தின் காரியம் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஆனால் 'என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்' என்று ஆண்டவர் நம்மிடம் கேட்டது கண்ணை மூடி நினைத்துக்கொள்வது அல்ல. பிட்டுக் கொடுத்ததைக் கையில் வாங்கி வாயில் போட வேண்டும். ஒருவர் வாயால் சொல்லிக் கொடுக்க, இன்னொருவர் ஆமென் என்று வாங்க வேண்டும். தனியாக ஒருவன் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஞாபகத்தை நம் வேதம் பெரிதாக நம்பவில்லைபோலும். மைனிக்கு இது என்றைக்கோ தெரிந்திருக்கிறது. அவர் தேடியது ஒரு வாயை.

7

கல்யாணம் மழையோடு நடந்தது. மைனி முன் பெஞ்சில், எல்லாரும் பார்க்கும்படி, அரக்குநிறப் பட்டில் நின்றார். கழுத்தில் தாலி இருந்தது. பத்திரிகையைப் படித்திருந்த உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். சாலமோன் அண்ணாச்சி எழுந்து போய் அவர்களுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார், பேச்சு நின்றது. அதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சுரண்டைக்குப் புறப்பட்டார்கள். காரில் ஏறும்போது ஜெபராணி என்னிடம், "சித்தப்பா, இன்னைக்குச் சாயந்தரம் ஜெபம் யாரு பண்ணுவா?" என்று கேட்டாள். நான் பண்ணுவேன் என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். கார் போய்விட்டது.

பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். உறவினர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். சின்னவள் தூங்கிவிட்டாள். விளக்கேற்றியதும் மைனி பாயை விரித்தார். எஸ்தர், மைனி, நான், மூன்று பேர். பாட்டுப் பாட யாருக்கும் குரல் இல்லை. வேதபாகத்தை வாசித்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினேன்.

ஜெபராணியையும் மாப்பிள்ளையையும் ஒப்புவித்தேன். விடுதியில் இருக்கும் டேனியலை ஒப்புவித்தேன். சின்னவள், எஸ்தர், மைனி. எங்கள் திரும்பும் பயணம். பிறகு அந்த இடம் வந்தது. ஐயர் சொன்னபடி ஸ்தோத்திரம் சொல்வது என்று மனத்தில் தீர்மானம் செய்திருந்தேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. "எங்கள் அண்ணன்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேர் வர வேண்டும். வரவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரன், தலைமைக் குமாஸ்தா, அந்த ஆறெழுத்தை எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதியவன், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எஸ்தருக்கு அவர் மச்சான் முறை. அவளாலும் சொல்ல முடியாது. வெளியே ஒரு மூங்கில் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஞானசிகாமணி."

சொன்னது மைனி. மெல்லச் சொல்லவில்லை. வகுப்பில் ஆஜர் எடுக்கிற குரலில், ஓர் எழுத்தும் விழுங்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, பதிலுக்கு நேரம் விடுகிற ஆசிரியைபோலச் சற்று நிறுத்தினார். கொண்டுவாரும் என்றும் சொல்லவில்லை, ஸ்தோத்திரம் என்றும் சொல்லவில்லை. பேர் மட்டும்.

அதை விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்வதா, ஸ்தோத்திரத்தில் சேர்த்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமென் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன்.